கொரில்லாவுக்கு வந்த சிரங்கு

நண்பர்களே, இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குவோம். காட்டில் இருக்கும் ஒரு கொரில்லாவுக்குச் சிரங்கு வந்துவிட்டது. யாரைக் கூப்பிடுவது? கால்நடை மருத்துவரை. சரி. அவர் வந்தார், மருந்து கொடுத்தார், கொரில்லா தேறிவிட்டது. பிரச்சினை முடிந்ததா?

நான் படிப்பது இயந்திரப் பொறியியல். தெர்மோடைனமிக்ஸில் எந்தக் கணக்கு வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு போடணும். கோட்டுக்கு உள்ளே என்ன வருது, வெளியே என்ன போகுது என்று பார்க்கணும். கோட்டைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டால் மீதிக் கணக்கெல்லாம் சரியாகச் செய்தாலும் விடை தப்பாகத்தான் வரும். உகாண்டாவில் ஒரு தொண்டு நிறுவனத்தை நடத்துகிறவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் புள்ளிக்கோடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

நிறுவனத்தின் பெயர் கன்சர்வேஷன் துரூ பப்ளிக் ஹெல்த். சுருக்கமாக சி.டி.பி.எச். மக்கள் சுகாதாரத்தின் வழியாக வனத்தைக் காப்பது என்று பொருள் சொல்லலாம். 2003இல் இதைத் தொடங்கியவர்கள் மூன்று பேர். கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, அவருடைய கணவரும் தகவல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்தவருமான லாரன்ஸ் சிகுசோகா, விலங்கு மருத்துவப் பணியில் அனுபவம் உள்ள ஸ்டீபன் ருபங்கா.

கிளாடிஸ் 1970இல் பிறந்தவர். அப்பா வில்லியம் கலேமா உகாண்டாவில் அமைச்சராக இருந்தவர். இடி அமின் ஆட்சியில், 1972இல், அவரைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள். அப்போது கிளாடிஸுக்கு இரண்டு வயது. அம்மா ரோடா கலேமா தனியாகப் பிள்ளைகளை வளர்த்தார், பிறகு அரசியலுக்கும் வந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது, செயல்படாமல் கிடந்த வனவிலங்குக் கழகத்துக்கு மறுபடி உயிர் கொடுத்து, கூடப் படித்தவர்களைக் குவீன் எலிசபெத் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நம்ம கிளைகளில் பஸ் பேசி, பெற்றோரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி, ஆள் சேர்த்துச் சுற்றுலா கிளப்புகிற செயலாளர்களுக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியும்!

லண்டனில் ராயல் வெட்டரினரி காலேஜில் படித்து முடித்து, 1996இல், இருபத்தைந்து இருபத்தாறு வயதில், உகாண்டாவின் தேசியப் பூங்காக்களுக்கு முதல் வனவிலங்கு மருத்துவராகச் சேர்ந்தார். அதற்கு முன்னால் அப்படி ஒரு பதவியே இல்லை.

அவர் வேலை செய்த இடம் புவிண்டி. நாட்டின் தென்மேற்கு மூலையில், மலைச்சரிவில் அடர்ந்து கிடக்கும் மழைக்காடு. பெயரிலேயே 'புக முடியாத காடு' என்று இருக்கிறது. ஆனால் பரப்பளவு சுமார் 321 சதுர கிலோமீட்டர்தான். உலகத்தில் மிச்சமிருக்கும் மலைக் கொரில்லாக்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை இங்கே இருக்கின்றன, மற்றவை விருங்கா எரிமலைப் பகுதியில். விலங்குக் காட்சிச்சாலையில் நாம் பார்க்கும் கொரில்லாக்கள் வேறு வகை. மலைக் கொரில்லா கூண்டில் பிழைப்பதில்லை, அதனால் காட்டில் போனால் போனதுதான்.

காடு முடிகிற இடத்திலேயே தோட்டம் ஆரம்பித்துவிடும். நடுவில் இடைவெளி கிடையாது. ஆப்பிரிக்காவின் கிராமப்புறங்களிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் பகுதிகளில் இதுவும் ஒன்று. செங்குத்தான சரிவில் சின்னச் சின்னத் துண்டு நிலம். அதில் வாழை, பீன்ஸ், தேயிலை, காப்பி.

இப்போது அந்தச் சிரங்குக்கு வருவோம். 1996இல் காட்டுக் காவலர்களிடமிருந்து தகவல் வந்தது: கொரில்லாக்களுக்கு முடி கொட்டுகிறது, தோல் வெள்ளையாகச் செதில் செதிலாக ஆகிறது. கிளாடிஸ் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கொரில்லாவின் மரபணு மனிதனுடையதோடு சுமார் 98 விழுக்காடு ஒத்துப்போகும். ஆகவே மனிதர்களைப் பார்க்கும் ஒரு மருத்துவ நண்பரிடமே அவர் கேட்டார். இந்த ஊர் ஜனங்களுக்கு அதிகமாக வருகிற தோல் நோய் எது? பதில்: சிரங்கு.

பார்த்தால் அதேதான். சிரங்கை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உண்ணி. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். தோலோடு தோல் பட்டால் பரவும், ஒருவர் போட்ட துணியை இன்னொருவர் போட்டாலும் பரவும். கூட்டத்திலேயே சின்னதான ஒரு குட்டிக்குத்தான் பாதிப்பு அதிகம். அது பிழைக்கவில்லை. மற்றவை ஐவர்மெக்டின் மருந்தில் தேறின.

படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு யோசித்துப் பாருங்க. மனிதனின் உண்ணி கொரில்லாவின் தோலுக்கு எப்படிப் போயிருக்கும்?

விடை வாழைத்தோட்டத்தில் இருந்தது. பயிரைக் காக்க விவசாயிகள் சோளக்கொல்லைப் பொம்மை வைத்திருந்தார்கள். பொம்மைக்கு வீட்டில் கிழிந்துபோன பழைய துணியைத்தான் மாட்டுவார்கள், புதுத் துணியா மாட்டுவார்கள்? வாழைத்தண்டு தின்ன வந்த கொரில்லாக்கள் அந்தத் துணியைத் தொட்டன. நோய் அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதோடு விட்டிருந்தால், 'பொம்மைக்குத் துணி மாட்டாதீர்கள்' என்று ஓர் அறிவிப்புப் பலகை நட்டுவிட்டு வேலையை முடித்திருக்கலாம். ஆனால் இன்னும் ரெண்டு 'ஏன்' பாக்கி இருக்கிறது. துணியில் உண்ணி ஏன் இருந்தது? தண்ணீர் சுமந்துவர மலை இறங்கி ஏற வேண்டும், ஒரே போர்வையில் பிள்ளைகள் பல பேர் படுக்க வேண்டும், மருந்துக்கடையும் மருத்துவமனையும் எட்டாத தூரத்தில் இருந்தன. சிரங்கு வந்தால் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்த 'ஏன்' இன்னும் சுவாரஸ்யம். கொரில்லா மனிதர்களைக் கண்டால் ஓடும் விலங்கு. அது ஏன் தோட்டம் வரை வந்தது? ஏனென்றால் அதை நாமே பழக்கிவிட்டோம். 1993இல் புவிண்டியில் கொரில்லா பார்க்கும் சுற்றுலா தொடங்கியது. அதற்காகக் காவலர்கள் தினமும் ஒரு கூட்டத்தின் அருகே போய்ப் போய், ஏறக்குறைய ரெண்டு வருஷத்தில், மனிதர்களைக் கண்டு பயப்படாத நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இன்று வெளிநாட்டுப் பயணி ஒருவர் ஒரு மணி நேரம் கொரில்லாவைப் பார்க்க 800 அமெரிக்க டாலர் கட்டணும். நம்ம பணத்துக்கு மூவாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். அந்த வருமானம்தான் காவலர்களுக்குச் சம்பளமாகிறது, காட்டைக் காக்கிறது. அதே பழக்கம்தான் கொரில்லாவின் பயத்தைப் போக்கி அதை வாழைத்தோட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. பொறியியல் படிக்கிறவர்கள் இதை ஃபீட்பேக் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். காப்பாற்றுவதற்காகச் செய்த காரியமே நோய்க்கும் வழி திறந்துவிட்டது.

ஆக, கொரில்லாவைச் சுற்றி மட்டும் புள்ளிக்கோடு போட்டால் கணக்கு வராது. அந்தப் போர்வையும், அதைப் போர்த்திக்கொள்ளும் பிள்ளையும் கோட்டுக்குள்ளே வரணும். சி.டி.பி.எச். செய்தது இதைத்தான். கொரில்லாவுக்கு ஒரு திட்டம், மக்களுக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியாக வைக்காமல், ரெண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொண்டார்கள். 2003இல் இது பலருக்குப் புரியவில்லை. வனவிலங்குக்குப் பணம் கொடுப்பவர்கள், மனிதர்களின் இருமலுக்கு நாங்கள் ஏன் பணம் தரணும் என்பார்கள். சுகாதாரத்துக்குக் கொடுப்பவர்களுக்குக் கொரில்லா எதற்கு என்று தோன்றும். நன்கொடை உலகத்திலும் இப்படி ஆளாளுக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

வேலை எப்படி நடக்கிறது? முதலில் கொரில்லாப் பக்கம். கொரில்லா தினமும் ராத்திரி படுக்கப் புதிதாக ஒரு கூடு கட்டும். காலையில் எழுந்து போகும்போது கூட்டிலேயே மலம் கழித்துவிட்டுப் போகும். காவலர்கள் அந்தக் கூடுகளைத் தேடிப்போய் மாதிரி எடுத்து வருவார்கள். புஹோமா என்ற ஊரில் சி.டி.பி.எச்.சின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே அதில் ஒட்டுண்ணி உண்டா, கிருமி உண்டா என்று பார்ப்பார்கள். விலங்குக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. அக்கம் பக்கத்து ஆடுமாடுகளின் சாணத்தையும் சோதிப்பார்கள். ஒரே ஒட்டுண்ணி ரெண்டிலும் இருந்தால், எங்கிருந்து எங்கே போகிறது என்று தேட ஆரம்பிக்கலாம். எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். வேண்டாம் என்று விட்டுப்போனதிலிருந்தே தகவல் எடுக்கிறார்கள், விலங்கைத் தொடவே இல்லை.

மனிதர் பக்கம், கிராமத்துக்குக் கிராமம் தொண்டர் குழு. ஆணும் பெண்ணும் கலந்த குழு, எல்லாரும் அந்தந்த ஊர்க்காரர்கள். வீடு வீடாகப் போவார்கள். ரெண்டு மூன்று வாரமாக இருமுகிறவர் இருந்தால் காசநோய்ச் சோதனைக்கு அனுப்புவார்கள். கழிப்பறை, கை கழுவும் இடம், குடிதண்ணீர் பற்றிப் பேசுவார்கள். அதே பேச்சில், தோட்டத்துக்குக் கொரில்லா வந்தால் என்ன செய்வது, யாருக்குச் சொல்வது என்பதையும் சொல்லிவிடுவார்கள். கொரில்லாவைத் திருப்பிக் காட்டுக்குள் ஓட்டிவிட ஊர்க்காரர்களிலேயே வேறொரு குழு இருக்கிறது. தடியால் அடிக்க மாட்டார்கள். பக்குவமாக ஒதுக்கி ஒதுக்கிக் கொண்டுபோய் விடுவார்கள்.

2007 வாக்கில் இந்த வீட்டுச் சந்திப்புகளில் குடும்பக் கட்டுப்பாடும் சேர்ந்தது. இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன். 'கொரில்லாவுக்கு இடம் வேணும், அதனால் நீங்கள் பிள்ளை குறைவாகப் பெறுங்கள்' என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் ஏழை ஆப்பிரிக்கப் பெண்ணிடம் சொன்னால் அது அசிங்கம். அப்படிப் பேசிய அமைப்புகளும் உலகத்தில் உண்டு. இங்கே பேசுகிறவர் பக்கத்து வீட்டு அக்கா. பேச்சு, தாயின் உடம்பைப் பற்றி, பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் கட்ட முடியுமா என்பதைப் பற்றி, துண்டு நிலத்தை எத்தனை மகன்களுக்குப் பிரிப்பது என்பதைப் பற்றி. முடிவு அந்தக் குடும்பத்துடையது. அப்படியும் இந்த எல்லையைத் தாண்டாமல் இருக்கத் தினமும் கவனம் வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாகக் குழுவுக்கு ஆடு, மாடு கொடுத்தார்கள். வளர்த்து, பெருக்கி, வருமானத்தைக் குழுவே வைத்துக்கொள்ளலாம். சேமித்துக் கடன் கொடுக்கும் சங்கமும் நடத்துகிறார்கள், நம்ம பாட்டிமார் நடத்திய கூட்டு மாதிரி. ஒரு திட்டத்தின் பணம் நின்றாலும் ஆடு நிற்காது, குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். பல தொண்டு நிகழ்ச்சிகளில் முதலில் தயாராவது பேனர்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அந்த மலை மக்களிடம் தொண்டு என்ற வழக்கமே இல்லாமல் வெளியார் வந்து கற்றுக்கொடுத்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அங்கே பெரும்பான்மையாக இருப்பவர்கள் பாகிகா இனத்தவர். அவர்களிடம் 'எங்கோசி' என்று ஒரு பழைய வழக்கம். எங்கோசி என்பது பின்னிய தூக்குப் படுக்கை. ஊரில் ஒருவருக்கு முடியாமல் போனால் வண்டி போகாத மலைப்பாதையில் நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடக்கணும். அதற்கென்று ஒவ்வொரு ஊரிலும் சங்கம் உண்டு. எல்லாரும் பணம் கட்டணும், முறை வரும்போது எல்லாரும் தூக்க வரணும். பிறகு புவிண்டி சமூக மருத்துவமனை குறைந்த கட்டணத்தில் ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தபோது, புதிதாக ஆள் சேர்க்க அலையவில்லை. இந்த எங்கோசி சங்கங்கள் வழியாகவே சேர்த்தார்கள். மருத்துவமனை சி.டி.பி.எச்.சுடையது இல்லை, வேறு அமைப்பு. ஆனால் ரெண்டு பேரும் ஊரில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் மேலே கட்டினார்கள்.

காப்பிக்கும் இதில் இடம் உண்டு. அந்த விவசாயிகள் நல்ல அராபிகா காப்பி விளைவிக்கிறார்கள், ஆனால் இடைத்தரகர் கொடுத்ததுதான் விலை. கையில் காசு இல்லாதவன் விறகுக்கும் கறிக்கும் காட்டுக்குள்தான் போவான். 2015இல் கொரில்லா கன்சர்வேஷன் காபி என்ற நிறுவனம் தொடங்கி, சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள். விற்கும் ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு பங்கு சமூக, வனப் பணிக்குப் போகிறது. ஒரு கலவைக்கு கன்யோன்யி என்று பெயர். புவிண்டியில் பயணிகள் முதன்முதலில் பார்த்த முபாரே கூட்டத்தைத் தலைமை தாங்கிய ஆண் கொரில்லாவின் பெயர் அது.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 2020 மார்ச் வரை. கோவிட்டில் விமானம் நின்றது, பயணிகள் நின்றார்கள், ஊரின் வருமானம் நின்றது. வழிகாட்டி, சுமை தூக்குபவர், விடுதிச் சமையற்காரர், கைவினைப் பொருள் விற்கும் பெண்கள், எல்லாருக்கும் ஒரே நாளில். ஜூன் மாதம் ரஃபிக்கி என்ற கொரில்லா செத்துக்கிடந்தது. என்குரிங்கோ கூட்டத்தின் தலைவன், சுமார் 25 வயது. ரஃபிக்கி என்றால் சுவாஹிலி மொழியில் நண்பன். காட்டுக்குள் சின்ன விலங்குகளை வேட்டையாடப் போனவர் ஈட்டியால் குத்தியிருக்கிறார். கொரில்லா பாய்ந்தது, தற்காப்புக்குக் குத்தினேன் என்றார். 11 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

தண்டனை சட்டத்தின் வேலை. சி.டி.பி.எச். அதற்கப்புறம் செய்ததைப் பாருங்க. ஏழ்மை அதிகமான குடும்பங்களுக்குச் சீக்கிரம் விளையக்கூடிய பயிர்களின் நாற்றும் விதையும் கொடுத்தார்கள். பசிதான் ஆளைக் காட்டுக்குள் அனுப்பியது என்றால் முதலில் பசிக்குத்தானே பதில் சொல்லணும்? கொரில்லா அருகே போகும்போது முகக்கவசம் கட்டாயம் ஆனது, நிற்க வேண்டிய தூரம் 7 மீட்டரிலிருந்து 10 மீட்டர் ஆனது. மனிதனின் சளி கொரில்லாவைக் கொல்லும் என்று கிளாடிஸ் பல வருஷமாகச் சொல்லிவந்தார். கோவிட் வந்த பிறகு அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2006இல் புவிண்டியில் சுமார் 300 கொரில்லாக்கள். 2018 கணக்கெடுப்பில் 459. விருங்காவின் 604ஐயும் சேர்த்தால் 1,063. அந்த வருஷமே மலைக் கொரில்லாவை 'மிக அருகிய' பட்டியலிலிருந்து 'அருகிய' பட்டியலுக்கு மாற்றினார்கள். பெருங்குரங்கு இனங்களில் இப்படி எண்ணிக்கை கூடுவது அபூர்வம். இது ஒரே நிறுவனத்தின் சாதனை இல்லை. அரசின் வனவிலங்கு ஆணையம், ருவாண்டா, காங்கோ காவலர்கள், மற்ற மருத்துவக் குழுக்கள் என்று பலர் சேர்ந்து உழைத்தது. கிளாடிஸுக்கு 2009இல் விட்லி தங்க விருதும், 2021இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'பூமியின் காவலர்' விருதும் கிடைத்தன.

இந்தக் கதையில் கோட்டுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றிப் பேசாமல் பாடத்தை முடிக்க முடியாது. புவிண்டி 1991இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்னால் அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, தேன் எடுத்து வாழ்ந்தவர்கள் பாட்வா மக்கள். காட்டு மூலிகை, தேனீயின் வழி, விலங்கின் தடம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பூங்காவின் எல்லைக்கோடு போட்ட அன்று அவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். மாற்று நிலம் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் அடுத்தவர் தோட்டத்தில் கூலிகளானார்கள். கொரில்லாக்களுக்காக என்று சொல்லப்பட்டது, ஆனால் அந்தக் கொரில்லாக்களோடு அவ்வளவு காலம் ஒரே காட்டில் வாழ்ந்தவர்கள் அவர்கள்தானே?

இன்று பாட்வா மக்கள் பயணிகளுக்குத் தங்கள் பாட்டையும் வேட்டை முறையையும் மூலிகை அறிவையும் செய்து காட்டிச் சம்பாதிக்கிறார்கள். மருத்துவமனையும் சி.டி.பி.எச்.சும் அவர்கள் குடியிருப்புகளுக்கும் போகின்றன. பண்பாடு மறையாமல் இருக்க அது உதவுகிறது என்பது உண்மை. தான் வாழ்ந்த வாழ்க்கையையே டிக்கெட் போட்டு நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறதே என்பதும் உண்மை. 2013இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021இல் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஒப்புக்கொண்டு, என்ன நிவாரணம் என்று தீர்மானிக்க வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

அடுத்த வகுப்புக்கு ரெண்டு குழுவாகப் பிரிந்து வாங்க. வருஷம் 1991 என்று வைத்துக்கொள்வோம். காட்டை வெட்டிக்கொண்டே வருகிறார்கள், கொரில்லா முந்நூறுதான் இருக்கிறது, உள்ளே பாட்வா குடும்பங்களும் இருக்கின்றன. ஒரு குழு பூங்கா அதிகாரிகள், இன்னொரு குழு பாட்வா பெரியவர்கள். புவிண்டியின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து கொண்டுவாருங்கள், எல்லைக்கோடு மட்டும் போடாமல். அதை வகுப்பில் ரெண்டு குழுவும் உட்கார்ந்து பேசிப் போடுவோம்.